16 போர் ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் துப்பாக்கி: சேம்பரை நீட்டலாமா, அப்படியே விடலாமா?

#1 நிலாமுகி (பாய்சி, ஐடஹோ)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா சத்தமில்லாம வாசிச்சிட்டு இருந்தேன். இது என் முதல் இழை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சொந்த ஊர் தேனிப் பக்கம், பொழப்பு ஐடஹோவுல. போன சீசன்ல, கூட வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் ஓவைஹீ மலைப் பக்கம் சுக்கர் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனார். நான் வெறுங்கையோட அவர் பின்னாடி ஏறினதுதான். சுக்கர் நம்ம கௌதாரிக்குச் சொந்தம்னு வச்சுக்கோங்க. சாம்பல் உடம்பு, சிவப்பு அலகு, கண்ணுல இருந்து கழுத்தைச் சுத்திக் கறுப்புப் பட்டை. மேல பாறையில உக்காந்து சக்-சக்-சக்னு கூப்பிடும். நாம நாக்குத் தள்ள ஏறிப் போனா அது இன்னும் மேல ஓடிரும். ஒருவழியா உச்சிக்குப் போய்ச் சேர்ந்தா, மொத்தக் கூட்டமும் விர்ருன்னு பறந்து, காலையில நாம காரை நிறுத்தின இடத்துக்கே இறங்கிரும். அன்னைக்கு எட்டு மணி நேரம் நடந்து பெரியவர் சுட்டது ஒண்ணே ஒண்ணு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு.

போன மாசம் ஒரு சின்ன டவுன் கடை மூலையில இதைப் பார்த்தேன். ஏ. எச். ஃபாக்ஸ், ஸ்டெர்லிங்வொர்த், 16 போர் (குழல் துளையோட அளவு), பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழல், ரெண்டு ட்ரிகர். குழல் மேல பிலடெல்பியானு அடிச்சிருக்கு. சீரியல் நம்பர் 35-ல ஆரம்பிக்கிற ஆறு இலக்கம். கையில எடுத்ததும் தோளுக்குத் தானா வந்து உக்காந்துச்சு. ஆயிரத்துச் சொச்சம் டாலர். வீட்டம்மாகிட்ட இன்னும் முழு விலையைச் சொல்லலை.

இப்ப விஷயம். இங்க துப்பாக்கி வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்டக் காட்டினேன். மூணு யோசனை சொல்றார். ஒண்ணு, சேம்பர், அதாவது குழலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற அறை, பழைய அளவு, இப்ப வர்ற தோட்டாவுக்கு நீட்டிரலாம். ரெண்டு, குழல் பழுப்பேறிக் கிடக்கு, சூடான உப்புத் தொட்டியில முக்கி எடுத்தா புதுசு மாதிரி கருநீலம் வந்துரும். மூணு, தோள்ல படற மரக்கட்டையோட முனையை அறுத்து ரப்பர் மெத்தை வச்சிரலாம். முந்நூறு டாலர்ல முடியுமாம். செய்யலாமா?

#2 கட்டைக்காரன் (பொள்ளாச்சி)

வாங்க தம்பி. முதல்ல ஒண்ணு சொல்லிப் போடறேன். அந்த முந்நூறு டாலரைப் பத்திரமா வச்சுக்கோங்க. அறுக்கறதுக்கு அவசரம் ஆகாதுங்க. அறுத்த கட்டை வளராது.

எங்க தாத்தா துப்பாக்கி ஒண்ணு வீட்டுல இருக்குதுங்க. பர்மிங்காம் செஞ்சது, 12 போர், பாக்ஸ்லாக், அதாவது சுடற இயந்திரம் எல்லாம் நடுப் பெட்டிக்குள்ள இருக்கற வகைங்க. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில ஆன்சன், டீலினு ரெண்டு பேர் 1875-ல கண்டுபிடிச்ச அமைப்பு. அதுக்கப்புறம் உலகத்துல பாதிப் பேர் அதைத்தான் பார்த்துப் பண்ணினாங்க. லைசன்ஸ் அப்பா பேர்ல இருந்து எம்பேருக்கு மாத்தறதுக்குள்ள செருப்பு தேஞ்சது தனிக்கதை. ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டுதான்னு ஆனதுல, சித்தப்பாவோட இன்னொண்ணை ஒப்படைக்க வேண்டியதாப் போச்சு.

இப்ப அது வேட்டைக்குப் போறதில்லீங்க. போகவும் கூடாது. வருஷத்துக்கு ஒருக்கா துடைச்சு எண்ணெய் போடறதோட சரி. ஆனா தாத்தா காலத்துக் கதை ஒண்ணு இருக்குது. அப்ப தோட்டா எல்லாம் காகிதக் கூடு. ஆடி மாசச் சாரல்ல ஊறி உப்பிப் போச்சுன்னா சேம்பருக்குள்ள போகவே போகாது. அதனால பாட்டி ராத்திரி அடுப்பு மேல முறத்துல தோட்டாவைப் பரப்பி வைப்பாங்களாம், வத்தல் காய வைக்கிற மாதிரி. யாரும் அதைச் செய்யாதீங்க. அந்த வீடு இன்னைக்கும் நிக்கறது முருகன் புண்ணியம்.

போட்டோ போடுங்க தம்பி. குழலைத் திறக்கற லீவர் எங்க நிக்குதுன்னு தெரியோணும்.

#3 பழைய_இரும்பு (பென்சில்வேனியா)

அம்பத்தூர்ல டர்னரா ஆரம்பிச்சு, இங்க வந்து முப்பது வருஷம் மெஷின் ஷாப். பழைய அமெரிக்க டபுள் பேரல்தான் என் வியாதி. அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

உங்க துப்பாக்கி எதுன்னு முதல்ல. ஆன்ஸ்லி ஃபாக்ஸ் பிலடெல்பியாவுல 1905 வாக்குல ஆரம்பிச்ச கம்பெனி. ஸ்டெர்லிங்வொர்த்ங்கிறது அவங்களோட சாதா ரகம். செதுக்கு வேலை கிடையாது, கட்டை சுமாரான வால்நட், ஆனா உள்ள இருக்கிற இயந்திரம் பணக்கார ரகத்துல இருக்கிற அதேதான். 16, 20 போர் சின்ன பிரேம்ல 1912-லதான் வந்துச்சு. 16 போர் ஸ்டெர்லிங்வொர்த்துக்கு நம்பர் 3,50,000-ல தொடங்கும், அதனால உங்களது சரியா வருது. 1929 கடைசியில சாவேஜ் கம்பெனி வாங்கி நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பிலடெல்பியானு அடிச்சிருந்தா அதுக்கு முந்தினது, கிட்டத்தட்ட நூறு வயசு.

இந்தக் கம்பெனியோட கெட்டிக்காரத்தனம் எளிமைதான். பார்க்கர் மாதிரி வேற கம்பெனித் துப்பாக்கியைத் திறந்து பார்த்தா உள்ள கடிகாரக் கடை மாதிரி இருக்கும். ஃபாக்ஸ்ல பக்கத்துக்கு மூணே முக்கியப் பாகம்: சுத்தியல், அதைப் பிடிச்சு வைக்கிற கொக்கி, சுருள் ஸ்பிரிங். சுத்தியலும் ஊசியும் ஒரே துண்டு. பூட்டு சுழல்ற வகை, குழலுக்குப் பின்னாடி நீட்டிட்டு இருக்கிற நாக்கைக் கடிச்சுக்கும். தேயத் தேய அது தானா இன்னும் உள்ள போய்க் கடிக்கும். அதனாலதான் கட்டைக்காரன் லீவர் எங்க நிக்குதுன்னு கேக்கறார். புதுசுல லீவர் நடுவுல இருந்து வலப்பக்கம் தள்ளி நிக்கும். நடுவுக்கு வந்துருச்சுன்னா நல்லா உழைச்சிருக்குனு அர்த்தம். இடப்பக்கம் தாண்டிருச்சுன்னா வாங்கினவரைத் திட்டணும்.

இப்ப உங்க மூணு கேள்வி.

சூடான உப்புத் தொட்டி: செய்யவே கூடாது. பாக்கி ரெண்டைப் பத்தி வாதாடலாம், இதுல வாதமே இல்லை. ரெண்டு குழலையும் நடுவுல ஓடற பட்டையையும் (ரிப்) ஒட்டி வச்சிருக்கிறது ஈயம் கலந்த பற்று. அந்தத் தொட்டியில இருக்கிறது கொதிக்கிற காரம். பற்றை அரிச்சுரும், ரிப்புக்கு அடியில போய்த் தங்கிட்டு உள்ளுக்குள்ள வருஷக்கணக்குல தின்னுட்டே இருக்கும். வெளியில பளபளன்னு இருக்கும், ஒருநாள் ரிப் பிளந்துக்கும். பக்கக்குழல் துப்பாக்கிக்குச் சாயம் ஏத்தணும்னா துரு முறைதான். மருந்து தடவி, ஈரத்துல துருப்பிடிக்க விட்டு, வெந்நியில வேக வச்சு, கம்பி பிரஷ்ல தேச்சு, மறுபடி தடவி... பல தடவை ஆகும். மெதுவான வேலை. அதான் அந்தக் கருப்பு பட்டு மாதிரி இருக்கு. இதைத் தெரியாம ஒருத்தர் டபுள் பேரலை முக்கறேன்னு சொன்னா, அவர் கையில மத்த வேலையையும் கொடுக்காதீங்க.

சேம்பர்: இங்கதான் நிறையப் பேர் ஏமாறுவாங்க. தோட்டா மேல எழுதியிருக்கிற நீளம் சுட்டு வாய் விரிஞ்சதுக்கு அப்புறம் உள்ள நீளம். சுடாத தோட்டா மடிச்ச வாயோட சின்னதா இருக்கும். அதனால 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. சேம்பருக்குள்ள சமர்த்தா உக்காந்துக்கும், மூடியும் மூடிரும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாம, குழல் குறுகுற இடத்துல போய் நுழையும். ரவை (தோட்டாவுக்குள்ள இருக்கிற சின்னக் குண்டுகள்) போற வழி இறுகும், அழுத்தம் ஏறும். 16 போருக்கு அந்தக் காலத்து அளவு 2 9/16 அங்குலம், அதாவது 65 மி.மீ. ஃபாக்ஸ் அதையும் கொஞ்சம் குட்டையாவே வெட்டினாங்க, காகிதக் கூட்டோட வாய் லேசா மேல ஏறி அடைச்சுக்கட்டும்னு.

நீட்டினா என்ன ஆகும்? வெட்டற இடம் சேம்பர் முனை. சுடும்போது அழுத்தம் இன்னும் ரொம்ப அதிகமா இருக்கிற இடம் அது. அங்க சுவர்ல எவ்வளவு இரும்பு இருக்குன்னு அளக்காம ரீமரை (துளையைக் குடையற வெட்டுக்கருவி) விடக்கூடாது. இங்கிலாந்துல இப்படி மாத்தினா திரும்பப் புரூஃப் ஹவுஸ்ல கொடுத்து, கூடுதல் மருந்து போட்டுச் சுட்டு, முத்திரை வாங்கணும். பர்மிங்காம்ல 1813-ல இருந்து அதுக்கே ஒரு கட்டடம் இருக்கு. அமெரிக்காவுல அப்படி அரசு முத்திரை எதுவும் கிடையாது. நாமதான் நமக்குப் புரூஃப் ஹவுஸ். அப்ப சுலபமான வழி? துப்பாக்கியை விட்டுட்டு தோட்டாவை மாத்துங்க. 65 மி.மீ., குறைஞ்ச அழுத்தம், 25 கிராம் ரவை. விலை கூடத்தான். ஆனா சுக்கர் வேட்டையில ஒரு நாளைக்கு எத்தனை சுடப் போறீங்க?

ரப்பர் மெத்தை: தோல்ல கயிறு கட்டி மாட்டற உறை கிடைக்கும். மாட்டுங்க, கழட்டுங்க. அறுக்காதீங்க.

#4 உருக்கு_சேலம்

அருமையான இழை. ஒரு சின்னச் சேர்க்கை. பழைய துப்பாக்கின்னு பேச்சு வந்தாலே டமாஸ்கஸ் குழல்னு வெள்ளைக்காரன் பெருமை பேசுவான். அது நம்ம சேலம் இரும்பு! கொடுமணல்ல உருக்கின எஃகு அரபு நாடு போய் டமாஸ்கஸ் வாள் ஆச்சு, அப்புறம் துப்பாக்கிக் குழல் ஆச்சு. அந்த எஃகுக்கு இருக்கிற ஊட்ஸ்ங்கிற பேரே உருக்குல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. இதையும் பதிவு பண்ணணும்.

#5 பழைய_இரும்பு

தம்பி, பாதி சரி. அந்தப் பாதிக்காக எனக்கும் பெருமைதான். மீதிப் பாதி தப்பு.

ஊட்ஸ் நம்ம ஊரு, சந்தேகமே இல்லை. மூசைக்குள்ள (உலோகம் உருக்கற மண் குடுவை) இரும்பையும் கரியையும் போட்டு அடைச்சு உருக்கினது. ஆறும்போது உள்ள பளிங்கா உறைஞ்சு, அடிச்சு நீட்டும்போது தண்ணி அலை மாதிரி கோலம் வரும். மைக்கேல் பாரடேவே 1820 வாக்குல அதை உடைச்சுப் பார்த்து மண்டையைப் பிச்சுக்கிட்டார். அந்தக் கோலம் உருக்குக்குள்ளயே பிறந்தது.

டமாஸ்கஸ் குழல்ல இருக்கிற கோலம் கையால கட்டினது. இரும்பு, எஃகு ரெண்டையும் மெல்லிய பட்டையா மாத்தி மாத்தி அடுக்கி, சேர்த்து அடிச்சு, கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கி, அப்படி முறுக்கினதை ரெண்டு மூணு பக்கத்துல வச்சு ஒரே நாடாவா அடிச்சு, அந்த நாடாவை ஒரு கம்பியைச் சுத்தி மலைப்பாம்பு மாதிரி சுத்தி, நெருப்புல பழுக்க வச்சு ஓரத்தோட ஓரம் அடிச்சு ஒட்டினது. பர்மிங்காம்லயும் பெல்ஜியத்துல லியேஜ் பக்கத்துப் பள்ளத்தாக்குலயும் குடும்பம் குடும்பமா இந்த வேலைதான். நல்ல இரும்பு வேணும்னு தேஞ்ச லாட ஆணியைக்கூடச் சேர்த்து அடிச்சிருக்காங்க. பேர் மட்டும்தான் டமாஸ்கஸ். கோலம் பார்க்க ஒத்துப் போனதால வச்ச பேர்.

நம்ம ஊர்ல செஞ்சதுக்குப் பெருமைப்படலாம், செய்யாததுக்கு வேண்டாம். அவங்க செஞ்சதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு குழல்ல எத்தனை அடி ஒட்டு ஓடுதுன்னு யோசிச்சுப் பாருங்க. எங்கயாவது ஒரு இடத்துல சாம்பல் சிக்கியிருந்தாலும் அங்கதான் வெடிக்கும்.

#6 உருக்கு_சேலம்

ஏத்துக்கறேன் ஐயா. ஆனா பரங்கிப்பேட்டையில 1830-ல ஹீத்ங்கிற வெள்ளைக்காரர் வச்ச இரும்பாலையை நான் இன்னொரு இழையில கொண்டு வருவேன், அப்ப நீங்க தப்பிக்க முடியாது.

#7 பசுமைவிரும்பி

தொழில்நுட்பம் எல்லாம் சரி. அடிப்படைக் கேள்வியை யாருமே கேக்கலையே? பறந்து போற ஒரு பறவையைச் சுடறதுல என்ன கலை இருக்கு? நம்ம ஊர்லயே வேண்டாம்னு சட்டம் போட்டாச்சு. வெளிநாடு போனதும் ஜமீன்தார் ஆகணும்னு ஆசையா?

#8 நிலாமுகி

கோபம் புரியுதுங்க. எனக்கும் முதல் நாள் அந்தப் பறவையைக் கையில வாங்கினப்ப வயித்தைப் பிசைஞ்சுது. இன்னும் சூடா இருந்துச்சு. அதை மறைக்கலை.

ஆனா சுக்கர் இந்த மண்ணுப் பறவை இல்லைங்க. 1893-ல கராச்சியில இருந்து அஞ்சு ஜோடி இல்லினாய்க்குக் கொண்டு வந்ததுதான் முதல். அப்புறம் 1930-கள்ல இருந்து மேற்கு மாநிலங்கள்ல வேட்டைக்குனே ஆயிரக்கணக்குல வளர்த்து விட்டாங்க. பக்கத்து நெவாடாவுல 1947-ல முதல் சீசன். ஊரெல்லாம் தோத்துப் போன பறவை, மனுஷன் எதுக்கும் ஆகாதுன்னு விட்ட கருங்கல் சரிவுல மட்டும் பிழைச்சுக்கிச்சு. அதுக்குச் சாப்பாடு சீட்கிராஸ்னு ஒரு புல். அதுவும் வெளியில இருந்து வந்த களைதான். இங்க உள்ளூர்ச் செடியை எல்லாம் அழிச்சு, கோடையில காட்டுத் தீக்கு எண்ணெய் ஊத்தற புல். வந்தேறிப் பறவை வந்தேறிப் புல்லைத் தின்னுட்டு வாழுது, அதைத் துரத்திட்டு இன்னொரு வந்தேறி நான்.

இன்னொண்ணு. சுக்கர்ங்கிற பேரு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? சகோரம். நிலாவைக் குடிச்சு வாழும்னு புலவருங்க பாடின அதே பறவை. தமிழ்ல நிலாமுகிப்புள். என் பேர் இப்பப் புரிஞ்சிருக்கும். மூணு மணி நேரம் ஏறி, அது உச்சியில இருந்து கீழ பறந்து போறதைப் பார்த்தப்ப, இது நிலாவையா குடிக்குது, நம்ம ரத்தத்தையில்ல குடிக்குதுன்னு தோணுச்சு.

ஜமீன்தார் விஷயம்: ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல கூடாது, ஜனவரி 31-ஓட சீசன் முடியும், லைசன்ஸ் காசு தனி. துப்பாக்கி, தோட்டா செய்றவங்க மேல 1937 சட்டப்படி 11 சதவீத வரி, அது மாநிலங்களோட வனவிலங்குத் துறைக்குப் போகுது. இதனால எல்லாம் நியாயம் ஆயிருச்சுன்னு சொல்லலை. ஜமீன்தார் இவ்வளவு ஃபாரம் நிரப்பலைன்னு மட்டும் சொல்றேன்.

#9 முல்லைக்காடு (ஒன்ராறியோ)

நான் இஞ்ச கனநாளா எழுதேல்லை. பசுமைவிரும்பியின்ர கேள்வியால எழுதுறன்.

நாங்கள் துப்பாக்கி எண்டு சொல்லுறேல்லை, துவக்கு. எங்கட ஊரில அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வயசில கனடாவுக்கு வந்தனான். இனி அந்தச் சாமானைத் தொடுறேல்லை எண்டுதான் இருந்தனான். இருபது வருஷத்துக்குப் பிறகு மகன்தான் காட்டுக்குள்ள போகவேணும் எண்டு நிண்டவன். ரெண்டு பேரும் சேர்ந்து பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதினை எழுதி, லைசன்ஸ் எடுத்தனாங்கள். செய்முறைச் சோதினையில துவக்கைத் திறந்து வெறுமையோ எண்டு காட்டச் சொல்ல என்ர கை நடுங்கினது. பரிசோதகர் ஒண்டும் கேக்கேல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, திருப்பிச் செய்யுங்கோ எண்டார்.

இஞ்ச எங்களுக்கு ரஃப்டு குரூஸ் எண்ட காட்டுப் பறவை. மலை ஏறத் தேவையில்லை, ஆனால் அடர்ந்த இளங்காடு, பொப்ளர் மரங்கள். வசந்தத்தில ஆண் பறவை விழுந்த மரக்குத்தியில நிண்டு செட்டையால காத்தை அடிக்கும். தூரத்தில ஆரோ மெசின் ஸ்ராட் பண்ணுறமாதிரி முதல் மெதுவா, பிறகு கடகடவெண்டு. இலையுதிர் காலத்தில காலடியில இருந்து வெடிச்சமாதிரி எழும்பும். பத்துக்கு எட்டுத்தரம் நான் தோளுக்கு எடுக்கிறதுக்குள்ள மரத்துக்குப் பின்னால போயிடும். சுடாமல் விட்ட நாளிலயும் மகனோட நாலு மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு நடக்கிறன். எனக்கு அது காணும்.

என்ரதும் பழைய பர்மிங்காம் டபுள் தான். திறந்து வளைச்சுக் கையில தொங்கவிட்டா, அது சுடாது எண்டு நூறு யார் தள்ளி நிக்கிறவனுக்கும் தெரியும். அதுக்காகத்தான் இந்த வகையை எடுத்தனான்.

#10 பசுமைவிரும்பி

முல்லைக்காடு அண்ணா, மன்னிச்சிடுங்க. என் கருத்து மாறலை, ஆனா கேட்ட விதம் தப்பு.

#11 ரயில்ஸ்நேகம் (டல்லாஸ்)

குறுக்க ஒரு கேள்வி. நிலாமுகி என்ன விசாவுல இருக்கார்னு தெரியாது. எச்1பி-ல (தற்காலிக வேலை விசா) இருந்துட்டுத் துப்பாக்கி வச்சிருந்தா குற்றம்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பயமுறுத்தினார். உண்மையா?

#12 பழைய_இரும்பு

பொதுவிதி அப்படித்தான். தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது, தோட்டாவும் வச்சிருக்கக் கூடாது. ஆனா அதே கூட்டாட்சிச் சட்டத்துல விதிவிலக்கு இருக்கு: அமெரிக்க மாநிலம் ஏதாவது கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ் இருந்தா வாங்கலாம், வச்சிருக்கலாம். கடையில அதோட நகலைக் கேப்பாங்க. லைசன்ஸ் முடிஞ்ச மறுநாள் விதிவிலக்கும் முடிஞ்சுது, அதனால புதுப்பிக்கிற தேதியைக் கல்யாண நாளை விட நல்லா ஞாபகம் வச்சுக்கணும். மாநிலச் சட்டம் தனி. வக்கீலைக் கேட்டுட்டுச் செய்ங்க.

#13 மட்டுறுத்துநர்

ரெண்டு நினைவூட்டல். இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்த பிறகு விளையாட்டு வேட்டை கிடையாது. கௌதாரி, காடை, காட்டுக்கோழி எதுவா இருந்தாலும் 'எங்க ஊர்ல எங்க கிடைக்கும்'னு கேக்கிற பதிவுகள் நீக்கப்படும் (நேத்து ஒண்ணு நீக்கினேன்). விற்பனை விளம்பரமும் இங்க வேண்டாம்.

#14 நிலாமுகி

அண்ணன்மாருக்கு நன்றி. அந்த ஆள்கிட்ட இருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டேன். நாலு மணி நேரம் கார் ஓட்டி, டபுள் பேரல் மட்டுமே பார்க்கிற ஒரு பாட்டையாகிட்டக் கொண்டு போனேன். அவர் செஞ்சதைச் சொல்றேன், மத்தவங்களுக்கும் உதவும்.

முதல்ல குழலைத் தனியாக் கழட்டி, அடியில இருக்கிற கொக்கியில ஒரு விரலைக் கொடுத்துத் தொங்க விட்டார். இன்னொரு கையால சுண்டினார். நம்ம ஊர்ச் சந்தையில பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாங்கல்ல, அதேதான். கோயில் மணி மாதிரி இழுத்துச்சு. ரிப் எங்கயாவது விட்டிருந்தா சொத்தைப் பானை மாதிரி 'டப்'புங்குமாம்.

அப்புறம் முன்கட்டையைக் கழட்டிட்டு மூடி, குழலைப் பக்கவாட்டுல ஆட்டிப் பார்த்தார். ஆடலை. குழலுக்குள்ள ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். உள்ள வளையம் வளையமா நிழல் தெரியுது, ஒரு இடத்துல மட்டும் வளையம் நசுங்கித் தெரிஞ்சுது. வெளியில கண்ணுக்கே தெரியாத ஒரு நெளிவு. அதை அப்பவே உள்ள உருளை விட்டு, வெளியில சின்னச் சுத்தியால தட்டி எடுத்துட்டார், பத்து நிமிஷம்.

சுவர் கனம் அளந்ததுல ஆக மெல்லிசான இடம் இடது குழல்ல, 0.8 மி.மீ. நல்லா இருக்குன்னார். சேம்பர் 62 மி.மீ., பழைய_இரும்பு அண்ணன் சொன்ன மாதிரியே குட்டை. வாய்ப்பக்கம் வலது குழல் கொஞ்சம் விரிவு, இடது இறுக்கம். லீவர் நடுவுல இருந்து நல்லா வலப்பக்கம் நிக்குது. 'இதை வச்சிருந்தவன் மாசத்துக்கு ஒருக்காகூட வெளியில எடுக்கலை'ன்னு சிரிச்சார்.

ஒரே குறை கட்டை. அந்தக் காலத்து அமெரிக்கக் கட்டை ரொம்பத் தாழ்ந்து வளைஞ்சிருக்கு, நேரா நிமிர்ந்து நின்னு சுடறவங்களுக்குச் செஞ்சது. நான் கன்னத்தை அழுத்திப் பார்த்தா எதிர்ல குழலே தெரியலை, லீவரோட முதுகுதான் தெரியுது. கொதிக்கிற ஆளிவிதை எண்ணெயைக் கட்டையோட கழுத்துல ஊத்தி ஊத்தி, சட்டத்துல பூட்டி மெதுவா மேல வளைப்பாங்களாம். நூறு வயசு மரம், உடையலாம்னும் சொல்றார். அதனால இப்பைக்குக் கன்னம் படற இடத்துல ஒரு தோல் உறை.

#15 கட்டைக்காரன்

தோல் உறையே போதுமுங்க. எண்ணெய் ஊத்தற வேலையெல்லாம் தெரிஞ்ச கை செய்யோணும்.

கட்டையை உலோகத்தோட பொருத்தறதைக் கவனிச்சீங்களா? எங்க தாத்தா துப்பாக்கியை ஒருக்கா ஒரு வயசான ஆசாரிகிட்டக் காட்டினேன், கட்டையில மயிரிழை வெடிப்பு. அவரு இரும்பைக் கழட்டி உள்ள பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லீங்க. விளக்குப் புகையை இரும்புல புடிச்சு, மரத்துல வச்சு அழுத்தி எடுத்து, கரி ஒட்டின இடத்தை மட்டும் சீவி, மறுபடி புகை புடிச்சு... அப்படி நூறு தடவை செஞ்சிருப்பான்னாரு. 'வெளிய தெரியற இடத்துல ஒழுங்கா செய்யறவன் ஆசாரிதான். யாரும் கழட்டாத இடத்துல இப்படிச் செஞ்சிருக்கான் பாரு'ன்னு சொல்லிப் போட்டு, கூலி வாங்காம வெறும் டீ குடிச்சிட்டுப் போனாரு.

திருப்புளி விஷயம் ஒண்ணு. சாதாத் திருப்புளியை அந்தத் திருகாணிகிட்டக் கொண்டு போயிராதீங்க. காடி காகிதம் கனம்தான் இருக்கும். அதுக்குன்னு தேய்ச்ச முனை இல்லைன்னா காது சிதைஞ்சு போகும், அப்புறம் பார்க்கறவன் எல்லாம் 'எவனோ கை வச்சிருக்கான்'னு சொல்லுவான்.

#16 ரயில்ஸ்நேகம்

அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909-ல ஆப்பிரிக்கா போனப்ப ஒரு ஃபாக்ஸ் கொண்டு போனாராம், அது 2010 ஏலத்துல 8,62,500 டாலருக்குப் போச்சுன்னு படிச்சேன். நிலாமுகி, வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லுங்க, முதலீடுன்னு.

#17 நிலாமுகி

சொன்னேன். 'அது ரூஸ்வெல்ட்டு, நீங்க யாரு'ன்னு பதில் வந்துச்சு.

#18 நிலாமுகி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். நேத்துப் போனோம்.

விடியும்போது கீழ உறைபனி, மேல வெயில். ரெண்டு நாள் முன்னாடி பெய்ஞ்ச மழைக்குச் சரிவெல்லாம் சீட்கிராஸ் பச்சையா முளை விட்டிருக்கு, ஒரு அங்குலம். பெரியவரோட பிரிட்டனி நாய் முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. துப்பாக்கி மூணு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ. கடையில இருந்த புது 12 போரை விட அரைக் கிலோ குறைவு. முதல் அரைமணி நேரம் வித்தியாசமே தெரியலை. நாலாவது மணி நேரத்துல அந்த அரைக் கிலோ எவ்வளவுன்னு தோள் சொல்லுச்சு.

மொதல்ல ரெண்டு கூட்டம் வழக்கம்போல ஏமாத்திட்டுப் பறந்துச்சு. சரளையில கால் வழுக்கி, துப்பாக்கியைக் காப்பாத்தப் போய் முழங்கை உரிஞ்சுது. மதியத்துக்கு மேல ஒரு பாறைத் திட்டுக்குக் கீழ நாய் அப்படியே சிலையா நின்னுச்சு. ஒரு முன்னங்கால் மடக்கினபடி, வால் மட்டும் லேசா நடுங்குது. நானும் பெரியவரும் ரெண்டு பக்கமா மேல போனோம். காது அடைச்ச மாதிரி ஒரு நிசப்தம். பன்னெண்டு பதினஞ்சு ஒரே நேரத்துல எழும்பி, கீழ்ப்பக்கம் சரிஞ்சு விழற மாதிரி பறந்துச்சு. முதல் ட்ரிகர், கூட்டத்தைப் பார்த்துச் சுட்டேன், ஒண்ணும் விழலை. அப்பதான் ரெண்டு ட்ரிகரோட அருமை புரிஞ்சுது. விரலைப் பின்னாடி நகர்த்தி, இறுக்கமான இடது குழல், கடைசியாப் போன ஒத்தைப் பறவை, அதுக்கும் கீழ குழலைக் கொண்டு போய்... விழுந்துச்சு. கீழ நோக்கிப் பறக்கிறதுக்குக் கீழதான் பிடிக்கணும்னு பெரியவர் காலையில இருந்து நாலு தடவை சொல்லியிருந்தார்.

நாய் கொண்டு வந்து கொடுத்துச்சு. இந்தத் தடவையும் வயித்தைப் பிசைஞ்சுது, குறையலை. அறுக்கும்போது இரைப்பை நிறையப் பச்சைப் புல் முளை, புதுசா வெட்டின புல்வாசம். திரும்பி வந்ததும் நாயோட காதுலயும் விரலுக்கு நடுவுலயும் ஒட்டியிருந்த புல் ஊசிகளை அரைமணி நேரம் உக்காந்து எடுத்தோம். விட்டா தோலுக்குள்ள நடந்து போயிருமாம்.

ராத்திரி சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய் போட்டு வறுவல். ஒரு பறவை, நாலு பேர். வீட்டம்மா ரெண்டாவது துண்டு எடுத்தாங்க. என் பல்லுல ஒரு ரவை சிக்குச்சு, தட்டு ஓரத்துல எடுத்து வச்சேன்.

#19 முல்லைக்காடு

வடிவா எழுதியிருக்கிறியள். மகனுக்கு வாசிச்சுக் காட்டினனான்.

#20 பழைய_இரும்பு

சந்தோஷம் தம்பி. அந்த ரவை ஈயம், முழுங்காதீங்க. பிஸ்மத்ங்கிற உலோகத்துல செஞ்ச ரவை 16 போர்லயும் கிடைக்குது. ஈயத்தை விடக் கொஞ்சம் லேசு, விலை கூட, ஆனா பழைய குழலை எதுவும் செய்யாது. எஃகு ரவை மட்டும் அந்தத் துப்பாக்கி பக்கம் போகக் கூடாது, சோக்கை, அதாவது குழல் வாயில இருக்கிற இறுக்கத்தை, கெடுத்துரும்.

இன்னைக்கு ராத்திரியே குழலைத் துடைச்சு எண்ணெய் போட்டுருங்க. பூட்டி வைக்கும்போது வாய் கீழ பார்க்க, கட்டை மேல பார்க்க நிறுத்துங்க. நிமிர்த்தி வச்சா எண்ணெய் மெல்ல இறங்கி, கட்டை செஞ்சவர் இரும்போட பொருத்திச் சீவின அந்த இடத்துல ஊறி, மரம் கறுத்து மெத்துனு ஆயிரும். உங்க துப்பாக்கியில லீவருக்குப் பின்னாடி கட்டை கறுத்திருக்கா? ஒரு போட்டோ போடுங்க.